பரவாயில்லைங்கிற பொய்

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு ஊர்ல இருந்து அம்மா போன் பண்ணுவாங்க. வெளியூர்ல பிழைக்கிற எல்லார் வீட்டுலயும் அம்மாவோட முதல் கேள்வி "சாப்ட்டியா?"ன்னுதான் இருக்கும். எங்க வீட்டுலயும் 2013 வரைக்கும் அப்படித்தான் இருந்தது. அதுக்கப்புறம் அது ரெண்டாவது கேள்வி ஆயிட்டுது. முதல் கேள்வி, "முதுகு எப்படிய்யா இருக்கு?"

"பரவாயில்லைம்மா."

இந்த ஒத்தை வார்த்தையைப் பத்தித்தான் இன்னைக்கு எழுதப் போறேன். நடுவுல எலும்பு, நரம்பு, ஸ்பீடு பிரேக்கர் எல்லாம் வரும். கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

தென்காசிப் பக்கம் ஒரு கிராமத்துல பிறந்து, டிப்ளமா முடிச்சுட்டு, 2006-ல டெல்லிக்கு ரயில் ஏறினவன் நான். வீடு மயூர் விஹார். வேலை கிரேட்டர் நொய்டாவுல ஒரு தொழிற்சாலையில, தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு. காலையில ஆறே முக்காலுக்குக் கம்பெனி பஸ் வரும். ஏறினதும் நேரா கடைசி வரிசைக்குப் போய் ஜன்னல்ல தலையைச் சாய்ச்சுத் தூங்கிடுவேன். அந்த சீட்டுக்குப் போட்டியே கிடையாது. ஏன் போட்டி இல்லைன்னு யோசிக்கிற புத்தி அப்ப இல்லை.

2013 நவம்பர். டெல்லியில அந்த மாசத்துல பனி எது, புகை எதுன்னு பிரிக்க முடியாது. டிரைவர் வழக்கமான வேகத்துலதான் வந்தார். முந்தின வாரம் வரைக்கும் இல்லாத ஒரு வேகத்தடை புதுசா முளைச்சிருந்தது. வெள்ளைக் கோடு இல்லை, முன்னாடி போர்டும் இல்லை. முன் சீட்டுல இருந்தவங்களுக்கு ஒரு குலுக்கல், அவ்வளவுதான். ஒருத்தர் கையில இருந்த டீ சிந்தினதாச் சொன்னாங்க. கடைசி சீட்டுல இருந்த நான் அப்படியே மேல போய், தலை கூரையில இடிச்சு, திரும்ப சீட்டுல தொம்முன்னு உட்கார்ந்தேன். பஸ் கவிழலை. எதுலயும் மோதலை. ஒரு கண்ணாடிகூட உடையலை. என் முதுகெலும்பு மட்டும் உடைஞ்சது.

பின் சக்கரத்துக்கும் பின்னால நீட்டிக்கிட்டு இருக்கிற பாகம் அது. பின் சக்கரம் மேட்டுல ஏறி இறங்கறப்ப அந்த முனை மத்த எல்லா சீட்டையும்விட அதிகமாத் தூக்கி அடிக்கும். சின்ன வயசுல ஏத்தப்பலகை ஆடினவங்களுக்கு இது புரியும். நம்ம நாட்டுச் சாலைகளுக்கு விதி வகுக்கிற இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ், வேகத்தடை 3.7 மீட்டர் அகலத்துல, 10 சென்டிமீட்டர் உயரத்துல, வண்டி 25 கிலோமீட்டர் வேகத்துல தாண்டற மாதிரி வளைவா இருக்கணும்னு சொல்லியிருக்கு. எங்க ஊர்ப் பக்கம் வாசல் தெளிச்சுக் கோலம் போடற மாதிரி, அவங்கவங்க வாசலுக்கு அவங்கவங்க போட்டுக்கிற வேகத்தடைக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது.

விழுந்த உடனே பெரிய வலி இல்லை. இடுப்புக்குக் கீழ கரண்ட் போன மாதிரி இருந்தது. கூட இருந்தவங்க பதறிப்போய் ரெண்டு பேர் அக்குளைப் பிடிச்சு, ரெண்டு பேர் காலைப் பிடிச்சுத் தூக்கி உட்கார வச்சாங்க. ஒருத்தர் தண்ணி கொடுத்தார். ஒருத்தர் முதுகுல தைலம் தேய்ச்சார். அப்புறம் ஒரு காரோட பின் சீட்டுல மடக்கி உட்கார வச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாங்க. அத்தனை பேரும் நல்ல மனசோட செஞ்சதுதான், இன்னைக்கும் அவங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனா இதைப் படிக்கிற நீங்க ஒண்ணு மட்டும் மனசுல வச்சுக்கோங்க. முதுகுலயோ கழுத்துலயோ அடிபட்டவரைத் தூக்கி உட்கார வைக்காதீங்க. விழுந்த இடத்துலயே ஆபத்து ஏதும் இல்லைன்னா, ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் அசைக்காம விடுங்க. மாத்தியே ஆகணும்னா நாலஞ்சு பேர் சேர்ந்து தலை, முதுகு, இடுப்பு எல்லாத்தையும் ஒரே நேரத்துல, மரக்கட்டையை உருட்டற மாதிரித் திருப்பி, ஒரு பலகையில படுக்க வைக்கணும்.

ஸ்கேன்ல தெரிஞ்சது எல்-1 எலும்பு நொறுங்கினது. மேல் முதுகு விலா எலும்போட சேர்ந்து விறைப்பா இருக்கும். இடுப்புப் பகுதி வளைஞ்சு கொடுக்கும். விறைப்பும் வளைவும் சந்திக்கிற இடம் இது. அதனால விழுந்தா அடிக்கடி உடையறது இந்த இடம்தான். தண்டுவடம் முடியறதும் ஏறக்குறைய அங்கதான். அதுக்குக் கீழ நரம்புகள் கொத்தா, குதிரை வால் மாதிரி தொங்கிக்கிட்டு காலுக்கும் மூத்திரப்பைக்கும் போகுது. நொறுங்கின எலும்புத் துண்டு ஒண்ணு பின்னாடி தள்ளி அந்த இடத்தை நசுக்கியிருந்தது. அன்னைக்கு ராத்திரியே ஆபரேஷன். நாலு ஸ்குரூ, ரெண்டு கம்பி, டைட்டானியம். தரக்கட்டுப்பாட்டுக்காரன் இல்லையா, மயக்கம் தெளிஞ்சதும் டாக்டர்கிட்ட ஸ்குரூவுக்கு என்ன டார்க் வச்சீங்கன்னு கேட்டதாத் தங்கமணி சொல்லுவா. எனக்கு ஞாபகம் இல்லை :-)

எழுந்து நடந்தேன். அதுவே பெரிய பாக்கியம்னு எல்லாரும் சொன்னாங்க. நிஜம்தான். ஆனா நடந்த கால் பழைய கால் இல்லை. இடது பாதம் தூக்க வராது, செருப்பு தரையில தேயும். அதுக்கு ஒரு பிளாஸ்டிக் பட்டை போட்டுத்தான் ஷூ போடணும். முழங்காலுக்குக் கீழ வெளிப்பக்கம் மதமதன்னு இருக்கும். மூத்திரம் தானா வராது. ஒரு நாளைக்கு நாலஞ்சு தடவை சின்னக் குழாயை நானே உள்ள விட்டு எடுக்கணும். இப்படி ஏழு மாசம். இதை எழுதலாமா வேண்டாமான்னு ரெண்டு நாள் யோசிச்சேன். எழுதறதுக்கான காரணம் பின்னாடி வருது.

ஊருக்கு என்ன சொன்னோம் தெரியுமா? "பஸ்ல ஒரு குலுக்கல், இடுப்புப் பிடிச்சுக்கிட்டுது, டாக்டர் ரெஸ்ட் எடுக்கச் சொல்லியிருக்கார்." ஆபரேஷனையே சொல்லலை. அப்பாவுக்கு அப்பத்தான் பைபாஸ் முடிஞ்சிருந்தது. ரெண்டு நாள் ரயில் தூரத்துல இருக்கிறவங்களுக்கு உண்மையைச் சொல்லி என்ன ஆகப்போகுதுன்னு நினைச்சோம். வெளியூர்ல இருக்கிற நம்ம எல்லாருக்கும் கைவந்த பொய் இது. அவங்க காய்ச்சலை நமக்குச் சொல்ல மாட்டாங்க, நம்ம காய்ச்சலை அவங்களுக்குச் சொல்ல மாட்டோம். ரெண்டு பக்கமும் ஒரே வார்த்தை, பரவாயில்லை.

டாக்டர்கிட்டயும் அதே கதைதான். ஆபரேஷன் பண்ணினவர் நல்ல மனுஷன். ஒவ்வொரு தடவையும் "தர்த் கைசா ஹை?"ன்னு கேட்பார். நான் "டீக் ஹை சார்"ம்பேன். பரவாயில்லைங்கிறதை இந்தியில மொழிபெயர்த்தாச்சு. அவர் சாதாரண வலி மாத்திரையைத் தொடரச் சொல்லுவார். ராத்திரி பூரா தூக்கம் வராது. எட்டு வருஷமா பேசற இந்தியில பேரிங்ல என்ன குறைன்னு அரை மணி நேரம் சண்டை போடுவேன். என் காலுல என்ன குறைன்னு சொல்ல என்கிட்ட இருந்தது "தர்த்"ங்கிற ஒரே வார்த்தை.

2014 ஜனவரி, பொங்கலுக்கு ரெண்டு நாள் முன்னாடி, அம்மா தம்பியோட திருக்குறள் எக்ஸ்பிரஸ்ல நிஜாமுதீன்ல வந்து இறங்கினாங்க. யார் சொன்னாங்கன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. பனியில வண்டி ஒன்பது மணி நேரம் லேட். கதவைத் திறந்தப்ப நான் இடுப்புல பெல்ட்டும் கையில வாக்கருமா ஹால்ல நிக்கறேன். திட்டுவாங்கன்னு நினைச்சேன். திட்டலை. கை காலைக் கழுவிட்டு வந்து என் கட்டில் பக்கத்துல தரையில உட்கார்ந்தாங்க.

"எங்கய்யா வலிக்கு?"

"பரவாயில்லைம்மா."

"அதைக் கேக்கல. எப்படி வலிக்குன்னு கேக்கேன். குடையுதா? கடுக்கா? இழுத்துப் பிடிக்கா? விண்ணு விண்ணுன்னு தெறிக்கா? சுருக்கு சுருக்குன்னு குத்துதா? மரத்துருக்கா? காந்துதா?"

கடைசி வார்த்தையில நான் உடைஞ்சுட்டேன். காந்தல். மிளகாய் அரைச்ச கையைக் கழுவாம கண்ணுல வச்ச மாதிரி, ஆறாத புண்ணுல உப்பு பட்ட மாதிரி. ரெண்டு மாசமா என் இடது பாதத்துக்குள்ள நடந்துக்கிட்டிருந்ததுக்கு அதுதான் பேரு. போர்வை பட்டாலே காந்தும். முப்பத்தஞ்சு வயசு ஆம்பிளை, "ஆமாம்மா, காந்துது"ன்னு சொல்லிட்டுத் தேம்பித் தேம்பி அழுதேன். வலி குறைஞ்சுதான்னு கேட்டா இல்லை. ஆனா தனியா இருந்த அந்த அறைக்குள்ள யாரோ வந்து லைட் போட்ட மாதிரி இருந்தது.

அடுத்த வாரம் டாக்டர்கிட்ட "எரியுது சார், துணி பட்டா அதிகமாகுது, நடுநடுவுல கரண்ட் அடிக்குது"ன்னு சொன்னேன். அவர் எழுதறதை நிறுத்திட்டு நிமிர்ந்து பார்த்தார். "இதை ஏன் இத்தனை நாள் சொல்லலை?" எலும்பு, தசை வலி வேற, நரம்பே சேதமாகி அது அனுப்பற தப்பான சேதி வேற. ரெண்டாவதுக்கு வழக்கமான வலி மாத்திரை அவ்வளவா வேலை செய்யாது. அதுக்குன்னு ப்ரீகாபலின் மாதிரி தனி மருந்துகள் இருக்கு. அதை ஆரம்பிச்சார். தலை சுத்தும், தூக்கம் தள்ளும், எடை ஏறும், நாமளா சட்டுன்னு நிறுத்தவும் கூடாது. எனக்குக் காந்தல் போகலை. பத்துல எட்டா இருந்தது நாலாச்சு. ராத்திரி நாலு மணி நேரம் சேர்ந்தாப்புல தூங்கினேன்.

ரொனால்ட் மெல்சாக்னு ஒரு கனடா நாட்டு உளவியல் அறிஞர், 1975-ல வலியை அளக்க ஒரு கேள்வித்தாள் வெளியிட்டார். அது முழுக்க வார்த்தைகள்தான். துடிக்குதா, குத்துதா, எரியுதான்னு நோயாளியே தன் வார்த்தையைப் பொறுக்கணும். இதைப் பின்னாடி படிச்சப்ப எனக்குச் சிரிப்பு வந்தது. எட்டாங்கிளாஸ் தாண்டாத எங்கம்மா அந்தக் கேள்வித்தாளை மனப்பாடமா வச்சிருந்தாங்க.

வீட்டுக்கு வந்த பிசியோதெரபிஸ்ட் ஒரு பீகார் பொண்ணு. அவகிட்ட இருந்து நான் இந்தி கத்துக்கிட்டேன். ஜலன்னா எரிச்சல், ஜன்ஜனாஹட்னா மதமதப்பு கலந்த குறுகுறுப்பு, சுன்னுன்னா மரத்துப் போறது, டீஸ்னா சுளீர்னு பாயறது. பதிலுக்கு அவ "காந்தல்" கத்துக்கிட்டா. "பாயி சாப், ஆஜ் காந்தல் கித்னா?"ன்னு கேட்டுட்டுத்தான் பயிற்சியை ஆரம்பிப்பா.

இந்தக் காந்தல்ல ஒரு வேடிக்கை உண்டு. நாள் பூரா எரியற அந்தக் காலுக்கு நிஜமான சூடு தெரியாது. அந்த ஜனவரிக் குளிர்ல ரூம் ஹீட்டர் பக்கத்துல கால் நீட்டி டிவி பார்த்துக்கிட்டிருந்தேன். தங்கமணி மூக்கைச் சுருக்கி என்னமோ கருகுதுன்னு அடுப்படிக்கு ஓடினா. கருகினது என் சாக்ஸ். கழட்டினா சுண்டுவிரல் பக்கம் உள்ளங்கை அகலத்துக்குக் கொப்புளம். எனக்குத் தெரியவே இல்லை. வெந்நீர்ப் பை, ஹீட்டர், வெயில்ல காய்ஞ்ச மொசைக் தரை, எல்லாம் எனக்கு எதிரி. இன்னைக்கும் ராத்திரி படுக்கிறதுக்கு முன்னாடி ஒரு கைக்கண்ணாடியை வச்சு ரெண்டு பாதத்தையும் பார்த்துட்டுத்தான் படுப்பேன்.

அம்மா மூணு மாசம் இருந்துட்டுக் கிளம்பினாங்க. இதோட கதை சுபம்னு நினைச்சீங்கன்னா, இல்லை. நான் பழையபடி பரவாயில்லைக்கே திரும்பிட்டேன்.

காரணம் இருக்கு. உடைஞ்ச எலும்பு கூடிடும், எல்லாரும் கை தட்டுவாங்க. கூடாத நரம்பு வருஷக்கணக்கா அப்படியே இருக்கும். முதல் மாசம் ஆப்பிளோட வந்தவங்க ஆறாவது மாசம் "இன்னுமா?"ன்னு கேட்பாங்க. ரெண்டாவது வருஷம் கேட்கவே மாட்டாங்க. கேட்கிறவங்களுக்கும் "பரவாயில்லை"தான் வசதி. மேல ஒரு கேள்வியும் கேட்க வேண்டியதில்லை பாருங்க.

அதுலயும் இது வெளியில தெரியாத நோவு. கம்பெனியில என்னை நொய்டா ஆபீஸ்ல மேசை வேலைக்கு மாத்தினாங்க. மெட்ரோவுல போக ஆரம்பிச்சேன். முதுகுல அவ்வளவு உலோகம் இருக்கே, செக்யூரிட்டியில கருவி கத்தும்னு எதிர்பார்த்தேன். ஒரு நாளும் கத்தினதில்லை. மெஷினுக்கே தெரியாததை மனுஷனுக்கு எப்படித் தெரியும்? ஒரு நாள் சாயங்காலம் மாற்றுத்திறனாளிகளுக்கான சீட்டுல உட்கார்ந்திருந்தேன். ஒரு பெரியவர் வந்து, "பேட்டா, ஜவான் ஹோ, உட் ஜாவோ"ன்னார். பேன்ட்டை அஞ்சு அங்குலம் தூக்கி அந்தப் பட்டையைக் காட்டியிருந்தா முடிஞ்சு போயிருக்கும். நான் எழுந்து நின்னேன். கூட இருந்த தங்கமணி வாயைத் திறக்கப் போனா, கையைப் பிடிச்சு நிறுத்தினேன். "பரவாயில்லை விடு." யமுனைப் பாலம் வர்றதுக்குள்ள கால் நடுங்க ஆரம்பிச்சுட்டுது. வீட்டுக்கு வந்ததும் அவ சொன்னா, "உங்களுக்கு வலிக்கிறதைவிட அது தெரிஞ்சுடக் கூடாதுங்கிறதுதான் உங்களுக்குப் பெரிசாப் போச்சு." நான் பதில் சொல்லலை. மலை மந்திர் படிக்கட்டுக்கிட்டயும் இதே நாடகம்தான். "போன் வருது, நீங்க மேல போங்க"ன்னு சொல்லிட்டு வராத போனைக் காதுல வச்சுக்கிட்டுக் கீழயே நிப்பேன்.

2016-ல என் பொண்ணுக்கு எட்டு வயசு. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் பார்க்ல ஊஞ்சல்ல இருந்து விழுந்தா. சட்டையில மண்ணு இருந்தது, என்னடான்னு கேட்டேன். "ஒண்ணுமில்லைப்பா"ன்னுட்டா. சனி, ஞாயிறு ரெண்டு நாளும் இடது கையாலயே சாப்பிட்டா. விளையாட்டுன்னு நினைச்சேன். திங்கக்கிழமை ஸ்கூல்ல இருந்து போன். எழுத முடியலை, மணிக்கட்டு வீங்கியிருக்குன்னு மிஸ் சொன்னாங்க. எக்ஸ்ரேல கீறல் விட்டிருந்தது. மூணு நாளா உடைஞ்ச கையோட இருந்திருக்கா.

மாவுக்கட்டு போடற இடத்துல கேட்டேன், "ஏண்டா சொல்லலை?"

"பரவாயில்லைப்பா. உங்களுக்குத்தான நிஜ வலி."

என் குரல், என் வார்த்தை, அதே ராகம். எட்டு வயசுல இதை அவளுக்கு யாரும் உட்கார வச்சுச் சொல்லிக் கொடுக்கலை. மூணு வருஷமா தினம் என்கிட்ட கேட்டுக் கேட்டுக் கத்துக்கிட்டா. இந்த வீட்டுல வலின்னா மறைக்கிற சாமான், அதுவும் அப்பாவுக்கு மட்டும்தான் சொந்தம்னு அவளா முடிவு பண்ணியிருக்கா. என் முதுகு உடைஞ்ச அன்னைக்குக்கூட எனக்கு அவ்வளவு பயம் வந்ததில்லை.

அடுத்த வருஷம் லீவுக்கு ஊருக்குப் போனப்ப ஆய்க்குடிக்குப் போனேன். தென்காசி பக்கத்துல இருக்கிற ஊர். அமர் சேவா சங்கத்து வாசலை ஸ்கூல் பஸ்ல எத்தனையோ தடவை தாண்டியிருக்கேன், ஒரு நாளும் உள்ள போனதில்லை. எஸ். ராமகிருஷ்ணன் 1981-ல ஆரம்பிச்சது. 1975-ல இன்ஜினியரிங் படிச்சுக்கிட்டிருந்தப்ப கடற்படை அதிகாரித் தேர்வுக்குப் போன இடத்துல விழுந்து, கழுத்துக்குக் கீழ செயலிழந்தவர். தனக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் அமர்ஜித் சிங் சாஹல் பேரைத்தான் அந்த இடத்துக்கு வச்சிருக்கார். 2020-ல பத்மஸ்ரீ கொடுத்தாங்க. நான் இருக்கிற டெல்லியிலயும் இதே மாதிரி ஒருத்தர் இருந்தார். மேஜர் எச்.பி.எஸ். அலுவாலியா. 1965 மே மாசம் எவரெஸ்ட் ஏறினவர். அதே வருஷம் பாகிஸ்தானோட நடந்த போர்ல குண்டடி பட்டு சக்கர நாற்காலிக்கு வந்தவர். வசந்த் குஞ்ச்ல முதுகுத்தண்டு காயத்துக்குன்னே ஒரு பெரிய ஆஸ்பத்திரியை உருவாக்கிட்டு, 2022-ல காலமானார். என் ரெண்டு ஊர்லயும் ஆளுக்கொரு முதுகெலும்பு உடைஞ்ச மனுஷர். நான் ரெண்டு பேரையும் கண்டுக்காம வாசலைத் தாண்டிக்கிட்டே இருந்திருக்கேன்.

ஆய்க்குடியில சக்கர நாற்காலியில ஒரு பையன் இருந்தான், இருபது இருபத்திரண்டு வயசு இருக்கும். தென்னை மரத்துல இருந்து விழுந்தவன். நான் காலை இழுத்து நடக்கிறதைப் பார்த்துட்டு, "அண்ணாச்சி, உங்களுக்கு எந்த லெவல்?"னான்.

"எல்-1."

"யூரின் தெரியுதா? டியூப்பா, தானாப் போகுதா?"

எந்த ஊரு, எந்தத் தெருன்னு கேட்கிற மாதிரிக் கேட்டான். தங்கமணியைத் தவிர யார்கிட்டயும் நான் வாயைத் திறக்காத விஷயம். ஏழு மாசம் குழாய், இப்ப தானா வருது, ஆனா நேரம் பார்த்துப் போகணும்னு சொன்னேன். "நல்லது அண்ணாச்சி, தண்ணி மட்டும் குறைச்சிராதிய, இன்பெக்‌ஷன் வந்துரும்"னான். வெளியில போனா கழிப்பறை தேட வேண்டி வருமேன்னு நான் தண்ணி குடிக்கிறதையே குறைச்சு வச்சிருந்தேன்னு அவனுக்கு எப்படித் தெரிஞ்சது? அவனும் அதைச் செஞ்சவன்தான். இந்தக் குழாய் விஷயத்தை இங்க எழுதினதுக்குக் காரணம் அந்தப் பையன்தான். எங்கேயோ ஒரு வாடகை வீட்டுல யாரோ ஒருத்தர் கதவைச் சாத்திக்கிட்டு, உலகத்துல தான் ஒருத்தன்தான் இப்படின்னு நினைச்சுக்கிட்டு இருப்பார். இல்லைங்க, நிறையப் பேர் இருக்கோம்.

டெல்லி திரும்பினதும் வீட்டுல ஒரு சட்டம் போட்டோம். "பரவாயில்லை"ன்னு சொன்னா பத்து ரூபாய் அபராதம், உண்டியல்ல போடணும். கேட்கிறவங்களும் சும்மா "எப்படி இருக்கு?"ன்னு கேட்கக் கூடாது. எங்க, எப்படி, என்ன செய்யணும், இந்த மூணுதான் கேள்வி. "கால்ல காந்தல், அஞ்சு இருக்கும், ஒண்ணும் செய்ய வேண்டாம், சத்தம் மட்டும் போடாதீங்க." "முதுகுல குடைச்சல், சிலிண்டரை நீ உருட்டிடு." இப்படிச் சொல்லிட்டா வேலை முடிஞ்சுது. ஒப்பாரியும் இல்லை, நாடகமும் இல்லை. சில நாள் உண்மையிலேயே வலி குறைவா இருக்கும். அதையும் சொல்லணும், அப்பத்தான் மத்த நாள் நம்புவாங்க. முதல் வருஷம் உண்டியல்ல 1,340 ரூபாய் சேர்ந்தது. பெரும்பாலும் என் காசு. பொண்ணு அதுல ஸ்கேட்டிங் ஷூ வாங்கிக்கிட்டா, கூடவே மணிக்கட்டுக்குக் காப்புப் பட்டையும் :-)

வலி போயிட்டுதான்னு கேட்பீங்க. இல்லை. ஸ்குரூ அங்கேயேதான் இருக்கு, காந்தலும் இருக்கு, ஜனவரியில கூடும். சம்மணம் போட முடியாது. மெட்ரோவுல யாராவது எழுந்திருக்கச் சொன்னா, "முதுகெலும்புல ஆபரேஷன் ஆனது, நிக்க முடியாது"ன்னு சொல்லிடறேன். பாதிப் பேர் மன்னிப்புக் கேட்பாங்க, பாதிப் பேர் முறைப்பாங்க. முறைக்கட்டும்.

உங்களுக்கு ரெண்டு விஷயம் சொல்லிட்டு முடிக்கிறேன். பஸ்ல கடைசி வரிசை காலியா இருந்தா, அது காலியாவே இருக்கட்டும். அப்புறம், முதுகு வலியோட உட்காரும் இடத்துல மரத்துப் போனாலோ, மூத்திரம் அடைச்சுக்கிட்டாலோ, கால் வலு இழந்தாலோ, காலையில பார்த்துக்கலாம்னு படுக்காதீங்க. அந்த ராத்திரியே ஆஸ்பத்திரிக்குப் போங்க. நரம்பு அதுவரைக்கும் காத்திருக்காது.

போன ஞாயித்துக்கிழமை வழக்கம்போல ஆறு மணிக்கு அம்மா போன். "முதுகு எப்படிய்யா இருக்கு?"

"பின்னங்கால்ல காந்தல்மா, மூணு இருக்கும். முதுகு இன்னைக்குச் சும்மா இருக்கு. உங்க முழங்கால்?"

"அதுக்கென்ன, பரவாயில்லை."

பத்து வருஷமா இந்தப் பதிலைக் கேட்டுட்டு அடுத்த பேச்சுக்குப் போயிருக்கேன். அன்னைக்குத்தான் அது காதுல உறைச்சது. அப்பா போனதுக்கப்புறம் அந்த வீட்டுல அவங்க தனியா இருக்காங்க.

"அதைக் கேக்கலம்மா. எப்படி வலிக்குன்னு கேக்கேன். குடையுதா, கடுக்கா, காந்துதா?"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் போயிட்டுதோன்னு நினைச்சேன்.

"குடையத்தான்யா செய்யுது," அம்மா சொன்னாங்க. "மாடிப்படி ஏறி ரெண்டு மாசமாச்சு. ராத்திரி உறக்கம் இல்லை."

திருக்குறள் எக்ஸ்பிரஸ்ல டிக்கெட் போட்டாச்சு. கீழ் பெர்த் கிடைச்சிருக்கு.